முத்துக் காதணிப் பெண்: கம்ப்யூட்டரில் ஆயில் பெயிண்டிங் பழகலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில், முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் பெயிண்ட் புரோகிராமைத் திறந்து இரண்டு மலை, நடுவில் ஒரு சூரியன், கீழே ஒரு வீடு என்று வரைந்து பார்த்திருப்பார். இரண்டாவது வாரத்தில் அந்த ஆர்வம் அடங்கிவிடும். மவுஸ் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, கோடு நடுங்குகிறது, முகம் வரைந்தால் முகம் போலவே இல்லை என்று காரணங்கள் சொல்லப்படும்.

மவுஸ் மீது போடும் பழி பாதிதான் சரி. கண் என்றவுடன் நம் கை தானாக மீன் வடிவம் ஒன்றை வரைந்து, உள்ளே வெள்ளை அடித்து, நடுவில் கறுப்பு வட்டம் வைத்துவிடும். எதிரே இருக்கும் கண்ணை நாம் பார்க்கவே இல்லை. இந்தப் பழக்கத்தை உடைக்க ஓவியர்கள் பல நூறு ஆண்டுகளாகச் செய்துவரும் பயிற்சிதான் நகல் எடுப்பது. பாரிஸ் நகரின் லூவர் மியூசியம் 1793-ல் திறக்கப்பட்டது. அங்கே தொங்கும் ஓவியங்களுக்கு முன்னால் ஸ்டாண்டு போட்டு உட்கார்ந்து நகல் எடுக்க அந்தக் காலத்திலேயே அனுமதி இருந்தது, இன்றும் இருக்கிறது. நமக்கு பாரிஸ் வரை போகும் செலவு வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர், இண்டர்நெட் இணைப்பு, இலவசமாகக் கிடைக்கும் இரண்டு புரோகிராம்கள், ஒரு வாரத்து மாலை நேரங்கள் போதும்.

எந்தப் படம்?

ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த ஜோஹன்னஸ் வெர்மீர் (1632-1675) சுமார் 1665-ல் வரைந்த "முத்துக் காதணி அணிந்த பெண்" படத்தை எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள மௌரித்ஸ்ஹௌஸ் மியூசியத்தில் இருக்கிறது. நீலமும் மஞ்சளுமாகத் தலையில் துணி சுற்றிய ஓர் இளம்பெண், தோளுக்கு மேலாகத் திரும்பி நம்மைப் பார்க்கிறாள். உதடு லேசாகத் திறந்திருக்கிறது. காதில் பெரிய முத்து. பின்னால் இருட்டு. அவ்வளவுதான். காலண்டரிலோ டீ கப்பிலோ நீங்கள் இதை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். 1881-ல் ஏலத்தில் இது இரண்டு கில்டருக்கும் சில காசுகளுக்கும் போனது என்றால் நம்ப முடிகிறதா? அப்போது அழுக்கேறி, கவனிப்பாரின்றிக் கிடந்தது. வாங்கியவர் உயில் எழுதி மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார்.

முதல் பாடத்துக்கு இதைத் தேர்வு செய்ய எனக்கு மூன்று காரணங்கள் உண்டு. முகம் ஒன்றுதான், கை, நாற்காலி, ஜன்னல் எதுவும் இல்லை. வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து, இடது மேல்புறத்திலிருந்து வருகிறது. மூன்றாவது காரணம்தான் முக்கியம். 2018-ல் மியூசியத்தார் இந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, எக்ஸ்ரே, மைக்ரோஸ்கோப், ஸ்கேனர் என்று பல கருவிகளால் ஆராய்ந்து, 2020-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். எந்தப் பகுதியை முதலில் வரைந்தார், எதை அடுத்து வரைந்தார் என்கிற வரிசையே நமக்குத் தெரிந்துவிட்டது. வாத்தியார் இறந்து முந்நூற்று ஐம்பது ஆண்டுகள் ஆகியும் அவருடைய பாடக் குறிப்பு கைக்குக் கிடைத்த மாதிரி.

படம் காப்புரிமைக் காலத்தைக் கடந்துவிட்டதால் டவுன்லோட் செய்வதில் சிக்கல் இல்லை. மியூசியத்தின் தளத்திலோ விக்கிமீடியா காமன்ஸ் தளத்திலோ ஓவியரின் பெயரையும் படத்தின் பெயரையும் ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடினால் பெரிய சைஸ் பைல் கிடைக்கும். தேடுபொறியில் வரும் குட்டிப் படத்தை ரைட் கிளிக் செய்து சேவ் செய்யாதீர்கள். அது முகம் தெரியும் அளவுக்கு மட்டுமே இருக்கும், பிரஷ் ஓட்டம் தெரியாது. மேலும், ஒரே ஓவியத்துக்கு இணையத்தில் பத்து விதமான நிறங்களில் பைல்கள் சுற்றுகின்றன. ஒன்றில் மஞ்சள் தூக்கல், இன்னொன்றில் நீலம் தூக்கல். மியூசியம் வெளியிட்ட படத்தையே நம்புங்கள்.

புரோகிராம்களும் அளவும்

படத்தைத் தயார் செய்ய ஜிம்ப், வரைய கிரிட்டா. இரண்டும் இலவசம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். அவற்றின் சொந்தத் தளங்களிலிருந்து மட்டுமே டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். பேனா டேப்லட் இருந்தால் நல்லது. அழுத்தத்துக்கு ஏற்ப கோடு தடிக்கும், மெலியும். மவுஸ் மட்டும் இருந்தாலும் இந்தப் பாடத்தைச் செய்யலாம். பேனாவின் அழுத்தம் செய்யும் வேலையை, கிரிட்டாவில் மேலே இருக்கும் ஒபாசிட்டி ஸ்லைடரால் செய்துகொள்ள வேண்டும். 30 சதவீதத்தில் வைத்து இரண்டு மூன்று முறை தடவினால் போதும்.

உண்மையான ஓவியத்தின் அளவு 44.5 செ.மீ. உயரம், 39 செ.மீ. அகலம். பலர் நினைப்பதைவிடச் சின்னது. அங்குலத்துக்கு 150 பிக்சல் என்று கணக்கிட்டால் அகலம் 2303 பிக்சல், உயரம் 2628 பிக்சல். இந்த அளவில் ஒரு லேயர் முழுவதும் நிரம்பினால் மெமரியில் சுமார் 24 மெகாபைட் பிடிக்கும். ஏழு லேயருக்கு 170 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். பழைய கம்ப்யூட்டரும் தாங்கும். ஆசைப்பட்டு 300 பிக்சலுக்குப் போனால் எல்லாம் நான்கு மடங்காகிவிடும். பிரஷ் உங்கள் கைக்குப் பின்னால் ஆமை போல வரும். தேவையில்லை.

ஜிம்ப்பில் படத்தைத் திறந்து, இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ் எடுத்து, அகலத்தை 2303 ஆக்குங்கள். உயரம் தானாக மாறும். வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, கிரிட்டாவில் அதே அகலம், அதே உயரத்தில் புதிய பைல் ஒன்றை உருவாக்குங்கள். விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு இடது அம்புக்குறியைத் தட்டினால் ஜிம்ப் திரையின் இடது பாதியில் உட்காரும். வலது அம்புக்குறியால் கிரிட்டாவை வலது பாதியில் வைக்கவும். இனி அசலும் நகலும் பக்கத்துப் பக்கத்தில்.

தொடங்கும் முன் இன்னொன்று. விண்டோஸில் நைட் லைட் ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள். அது மாலை நேரத்தில் திரையை மஞ்சளாக்கிவிடும். மறுநாள் காலையில் பார்த்தால் நீங்கள் கலந்த நிறம் வேறாகத் தெரியும்.

நிறத்தை மறந்துவிடுங்கள்

முகம் முகமாகத் தெரிவதற்கு நிறத்தைவிட ஒளி, நிழல் அளவுகளே காரணம். கறுப்பு வெள்ளை போட்டோவில் ஆளை அடையாளம் காண நமக்குச் சிரமமே இருப்பதில்லை அல்லவா? ஆகவே ஒரு பிரதியை ஜிம்ப்பில் எடுத்து, முதலில் ஃபில்டர்ஸ் மெனுவில் காசியன் ப்ளர் கொடுத்து (15 பிக்சல் அளவு போதும்) லேசாக மங்கலாக்குங்கள். பிறகு கலர்ஸ் மெனுவில் டீசேச்சுரேட் கொடுத்து நிறத்தை நீக்குங்கள். அதே மெனுவில் போஸ்டரைஸ் எடுத்து 4 என்று கொடுங்கள். படம் நான்கே சாயல்கள் கொண்ட நிலப்படம் போல ஆகிவிடும். ஜிம்ப்பில் சேவ் கொடுத்தால் அதன் சொந்த வகை பைலாகத்தான் சேரும். பிஎன்ஜி பைலாக வேண்டுமானால் எக்ஸ்போர்ட் ஆஸ் கொடுக்க வேண்டும்.

இந்த நான்குபடிப் படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். தலைத்துணியின் நிழல் பக்கமும் பின்னணியும் எங்கே பிரிகின்றன என்று தேட வேண்டியிருக்கும். முகத்தின் வெளிச்சப் பகுதி ஒரே பெரிய துண்டாக இருக்கும். மூக்குக்குத் தனி எல்லை கிடைக்காது. நீங்கள் வரையப்போவது கண், மூக்கு, வாய் அல்ல, இந்தத் துண்டுகளைத்தான்.

துண்டுகளை இடத்தில் வைக்கக் கட்டம் உதவும். ஜிம்ப்பில் கன்ஃபிகர் கிரிட் மூலம் 384 பிக்சல் இடைவெளி கொடுத்து, வியூ மெனுவில் ஷோ கிரிட் கிளிக் செய்யுங்கள். கிரிட்டாவிலும் அதே இடைவெளியில் கட்டத்தைப் போடுங்கள். அகலத்தில் 6 கட்டம், உயரத்தில் 7-க்குச் சற்றுக் குறைவாக வரும். சிலர் அசல் படத்தையே கீழே லேயராக வைத்து, மேலே கோடு இழுத்து டிரேஸ் செய்துவிடுவார்கள். வேலை பத்து நிமிடத்தில் முடியும். கண்ணுக்குப் பயிற்சி கிடைக்காது. கட்டம் போட்டால், இந்தக் கட்டத்தில் எவ்வளவு கருமை, எந்த இடத்தில் வளைகிறது என்று ஒவ்வொரு முறையும் நீங்களே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

முதலில் ஊகம், பிறகு சோதனை

கம்ப்யூட்டரில் நகல் எடுப்பவருக்கு இருக்கும் பெரிய சபலம் கலர் பிக்கர். அசலில் ஒரு இடத்தைக் கிளிக் செய்தால் அதே நிறம் பிரஷ்ஷுக்கு வந்துவிடும். இப்படி உறிஞ்சி உறிஞ்சி வரைந்தால் படம் நன்றாக வரலாம். அடுத்த வாரம் உங்கள் அம்மாவின் முகத்தை வரைய உட்காரும்போது உறிஞ்ச எந்த பைலும் எதிரில் இருக்காது. அப்போதுதான் ஒன்றுமே கற்கவில்லை என்பது தெரியும்.

அதற்காக அந்தக் கருவியை மூட்டை கட்டிவைக்கவும் வேண்டாம். அதைப் பரீட்சை திருத்துபவராக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் நான்கு இடங்களை எழுதுங்கள்: கண்ணின் வெள்ளைப் பகுதி, தலைத்துணி நீலத்தின் நிழல் பக்கம், கீழ் உதடு, முத்தின் நடுப்பகுதி. ஒவ்வொன்றின் நிறத்தையும் கிரிட்டாவின் கலர் செலக்டரில் உங்கள் கண் மதிப்பில் தேர்ந்தெடுத்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் காட்டப்படும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கும். அதன் பிறகு ஜிம்ப்பில் கலர் பிக்கரால் அசலைத் தொட்டு எண்களை ஒப்பிடுங்கள்.

அனேகமாக எல்லோருக்கும் ஒரே விதமான விடைதான் வரும். கண்ணின் வெள்ளை, நாம் நினைத்ததைவிட மிகவும் மங்கல். சாம்பல் என்றே சொல்லலாம். நீலத்தின் நிழல் பக்கம் கறுப்பை ஒட்டி நிற்கும். முத்து வெள்ளை என்று அடித்துச் சொல்லியிருப்போம். அதன் உடம்பில் பெரும் பகுதி கழுத்து நிழலின் கருமையிலேயே இருக்கும். இருண்ட இடத்துக்கு நடுவில் உள்ள சாம்பலை மூளை வெள்ளை என்று நமக்குச் சொல்கிறது. முதல் நாளில் உங்கள் ஊகத்துக்கும் அசலுக்கும் நாற்பது, ஐம்பது எண் வித்தியாசம் வந்தாலும் கவலைப்பட வேண்டாம். தேதி போட்டு எழுதி வையுங்கள். தினம் நான்கு இடம் என்று ஒரு வாரம் செய்தால் வித்தியாசம் குறைவதை எண்ணிலேயே பார்க்கலாம். கான்வாஸ் முன் நின்று பழகுபவருக்கு இல்லாத வசதி இது.

வெர்மீரின் வரிசையில்

ஆயில் பெயிண்ட் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. ஒரு பூச்சு காய நாட்கள் ஆகும். அதனால்தான் அந்தக் கால ஓவியர்கள் படத்தை அடுக்கடுக்காகத் திட்டமிட்டார்கள். கிரிட்டாவில் புதிய லேயர் எடுத்தால் கீழே இருப்பது காய்ந்துவிட்டது என்று பொருள். அதே லேயரில் வெட் பிரஷ் கொண்டு இழுத்தால் ஈரத்தின் மேல் ஈரம். பிரஷ் பட்டியலில் உள்ள தேடல் பெட்டியில் பிரிஸில்ஸ், வெட் என்ற பெயர்களை ஆங்கிலத்தில் அடித்தால் ஆயில் பிரஷ் போல நடந்துகொள்பவை வரும். இரண்டே பிரஷ் போதும், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. அளவை மாற்ற சதுர அடைப்புக்குறி கீகள். புது பிரஷ் டவுன்லோட் செய்வதில் இறங்கினால் அன்றைய மாலை அதிலேயே போய்விடும்.

முதல் லேயரை நடுத்தரப் பழுப்பால் நிரப்பி, அதன் மேல் பழுப்பும் கறுப்பும் கொண்டு நிழல் துண்டுகளை மட்டும் வையுங்கள். வெர்மீரும் பழுப்பு, கறுப்புச் சாயல்களில்தான் தொடங்கினார் என்று அந்த ஆய்வு சொல்கிறது. காதின் இடம், தலைத்துணியின் உச்சி, கழுத்தின் பின்பக்கம் ஆகியவற்றை அவரே நடுவில் நகர்த்தியும் இருக்கிறார். எனவே நீங்கள் நான்கு முறை திருத்தினால் ஒன்றும் குறைந்துவிடாது.

அடுத்த லேயர் பின்னணி. இன்று வெறும் இருட்டாகத் தெரியும் அந்த இடத்தில் வெர்மீர் வரைந்தது மடிப்புகளோடு கூடிய பச்சைத் திரை! கறுப்பு அடிப்பூச்சின் மேல், அவுரி நீலமும் வெல்ட் என்ற செடியிலிருந்து எடுத்த மஞ்சளும் கலந்த மெல்லிய பச்சைப் பூச்சு. காலப்போக்கில் அந்தச் சாயங்கள் மங்கிவிட்டன. நீங்கள் இன்றைய தோற்றத்தையே நகல் எடுங்கள். ஆனால் அந்தப் பூச்சு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, கருமையின் மேல் ஒரு லேயர் வைத்து, பிளெண்டிங் மோடை மல்டிப்ளை ஆக்கி, பச்சையை மெல்லப் பூசிப் பாருங்கள். கீழே இருப்பது கண்ணாடி வழியே தெரிவது போலத் தெரியும். கிளேஸ் என்று ஓவியர்கள் சொல்வது இதைத்தான்.

பிறகு முகத்தின் தோல். அதிக நேரம் இங்கேதான் செலவாக வேண்டும். வெளிச்சத் துண்டு, இடைத்துண்டு, நிழல் துண்டு என்று மூன்றை முதலில் தட்டையாக வைத்து, அவை சந்திக்கும் ஓரங்களை மட்டும் பிளெண்டர் பிரஷ்ஷால் மெல்ல இழுக்கவும். எல்லா ஓரத்தையும் ஒரே மாதிரி குழைத்தால் முகம் மெழுகு பொம்மை போல ஆகிவிடும். கன்னத்தில் நிழல் திரும்பும் இடம் மிருதுவாகவும், தலைத்துணி நெற்றியைத் தொடும் இடம் கூர்மையாகவும் இருப்பதை அசலில் பெரிதாக்கிப் பாருங்கள்.

மூக்கையும் அப்படியே பெரிதாக்குங்கள். மூக்குத் தண்டுக்கும் அந்தப் பக்கத்துக் கன்னத்துக்கும் நடுவே கோடே இல்லை. இரண்டும் ஒரே சாயலில் கலந்து கிடக்கின்றன. ஆனாலும் தூரத்திலிருந்து மூக்கு முழுதாகத் தெரிகிறது; விட்ட இடத்தை நம் கண் நிரப்பிக்கொள்கிறது. உங்கள் கை அங்கே ஒரு கோடு போடத் துடிக்கும். போடாதீர்கள். எனக்குக் கேட்டால், இந்தப் படத்திலிருந்து ஒரே ஒரு விஷயம்தான் கற்க முடியும் என்றால், இந்த இல்லாத கோட்டைத்தான் சொல்வேன்.

தோலுக்குப் பிறகு மஞ்சள் மேல்சட்டை, வெள்ளைக் காலர், தலைத்துணி, கடைசியில் முத்து. வெர்மீர் போன வரிசையும் இதுதான். பின்னால் இருப்பதிலிருந்து முன்னால் இருப்பதற்கு. ஒவ்வொன்றுக்கும் தனி லேயர் வைத்தால் மொத்தம் ஏழு. சட்டையும் காலரும் விரைவில் முடிந்துவிடும். தலைத்துணியின் நீலத்துக்கு அவர் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த விலை உயர்ந்த லாபிஸ் லாசுலி கல்லை அரைத்த பொடியைத் தாராளமாகச் செலவழித்திருக்கிறார். நமக்கு நீலம் இலவசம் என்பதால் அள்ளி அப்பிவிடக் கூடாது. முழு நீலம் வெளிச்சம் படும் சிறு பகுதியில் மட்டும்தான்.

முத்துக்கு வருவோம். அதைக் காதில் மாட்டும் கொக்கியே படத்தில் இல்லை. உருண்டையைச் சுற்றி எல்லைக்கோடும் இல்லை. இடது மேல்புறத்தில் கெட்டியான வெள்ளைத் தீற்றல் ஒன்று, கீழே வெள்ளைக் காலரின் பிரதிபலிப்பாக மங்கலான வளைவு ஒன்று. மற்றதெல்லாம் நம் கற்பனை. மேல் தீற்றலை ஒபாசிட்டி 100-ல் ஒரே அழுத்தில் வையுங்கள்; கீழ் வளைவை 20-ல் தடவுங்கள். சரியான இடத்தில் விழுந்தால், அந்த நொடியில் முத்து உருண்டு வெளியே வருவதைப் பார்ப்பீர்கள். உதட்டின் ஓரத்தில் ஓர் இளஞ்சிவப்புப் புள்ளியும் உண்டு. 1994-ல் படத்தைச் சுத்தம் செய்தபோது வெளியே தெரிந்தது. ஈரமான உதடு என்ற உணர்வைத் தருவதில் அந்தப் புள்ளிக்குப் பங்கு உண்டு.

இமை முடிகளையும் அந்த ஆய்வில்தான் கண்டார்கள். வெறும் கண்ணுக்கு அவை தெரிவதில்லை. ஆகவே வரைய வேண்டாம். படமெங்கும் ஓடும் மெல்லிய வெடிப்புகளையும் விட்டுவிடுங்கள். அவை வெர்மீர் வரைந்தவை அல்ல, வயது வரைந்தவை.

எங்கே தவறு?

அவ்வப்போது எம் கீயைத் தட்டுங்கள். கிரிட்டா படத்தை இடவலமாகத் திருப்பிக் காட்டும். ஒரு கண் மேலே ஏறியிருந்தால் உடனே பளிச்சென்று தெரியும். மீண்டும் தட்டினால் பழையபடி வந்துவிடும்.

எல்லாம் முடிந்தது என்று தோன்றியதும், லேயர் மெனுவில் இம்போர்ட் லேயர் மூலம் அசலை எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுவாருங்கள். இப்போது அந்த லேயரின் கண் படத்தைக் கிளிக் செய்து மறைத்து, காட்டி, மறைத்து, காட்டிப் பாருங்கள். எந்த இடம் துள்ளுகிறதோ அங்கே தவறு. 1930-ல் புளூட்டோவைக் கண்டுபிடித்ததும் இதே உத்தியால்தான். இரு வேறு நாட்களில் எடுத்த வானத்தின் போட்டோக்களை மாற்றி மாற்றிக் காட்டும் கருவியில் பார்த்தபோது ஒரு புள்ளி மட்டும் துள்ளியது.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் மேல் லேயரின் பிளெண்டிங் மோடை டிஃபரன்ஸ் என்று மாற்றலாம். ஒத்துப்போகும் இடம் கறுப்பாகும். வேறுபடும் இடம் வெளிச்சமாகும். ஆனால் முகம் நான்கு பிக்சல் நகர்ந்திருந்தாலே எல்லா ஓரங்களும் எரிய ஆரம்பித்து உங்களைப் பயமுறுத்தும். அதைப் பார்த்துத் திருத்திக்கொண்டே போனால் முடிவே இல்லை. பெரிய பரப்புகளில் வெளிச்சம் தெரிந்தால் மட்டும் கவனியுங்கள். நெற்றி முழுக்க, கன்னம் முழுக்க என்று. ஓரங்களுக்கு முந்தைய துள்ளல் சோதனையே போதும்.

படத்தை கிரிட்டாவின் சொந்த வகை பைலாகச் சேவ் செய்தால்தான் லேயர்கள் தனித்தனியாக இருக்கும். நண்பர்களுக்கு அனுப்ப எக்ஸ்போர்ட் மூலம் ஜேபெக் ஒன்று எடுத்துக்கொள்ளவும். பிரிண்ட் எடுக்க விரும்பினால், உண்மை அளவுக்கு நான்கு ஏ4 தாள்களை ஒட்ட வேண்டியிருக்கும். முகத்தை மட்டும் எடுத்தால் ஒரு தாளில் அடங்கும். வீட்டில் நிஜ ஆயில் டியூப் வைத்திருப்பவர்கள் நான்குபடிப் படத்தையும் கட்டம் போட்ட படத்தையும் பிரிண்ட் எடுத்து, இதே வரிசையில் கான்வாஸிலும் செய்யலாம். லேயருக்கு லேயர் காய விடும் பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும்.

அசலின் இடது மேல்மூலையில் வெர்மீரின் கையெழுத்து மங்கலாக இருக்கிறது. அதை நகல் எடுக்காதீர்கள். லூவரிலும் கையெழுத்தை நகல் எடுக்க அனுமதி கிடையாது. நகலின் அளவும் அசலைவிட ஐந்தில் ஒரு பங்காவது பெரியதாகவோ சிறியதாகவோ இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. உங்கள் படத்தின் கீழ்மூலையில் உங்கள் பெயரையும் தேதியையும் போட்டு, "வெர்மீரைப் பார்த்து" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அடுத்த நாள் அசல் பைலைத் திறக்காமல், ஒரு வெற்றுக் கறுப்பு லேயரில் முத்தை மட்டும் நினைவிலிருந்து வரைந்து பாருங்கள். இரண்டே தீற்றல்கள்தான்.